புழுங்கல் அரிசி காத்த உயிர்கள்

நம் முன்னோர் இந்நாட்டில் ரப்பர் மரம் சீவத் தொடங்கிய காலத்தில், மலாயாவை ஒரு நோய் ஆட்டிப் படைத்தது. பெரிபெரி என்பது அதன் பெயர். முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பிறகு சிலருக்குக் கைகால் வீங்கி, இதயம் பலமிழந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். ஆனால் தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. இதற்குக் காரணம் என்ன?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர், இதற்கான விடையைச் சோற்றுப் பானையில் தேடினார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. கம்பத்து மலாய்க்காரர்கள் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்டனர். தமிழர் உண்டதோ புழுங்கல் அரிசி. 1907-இல் பிராடன் தம் கருத்தை நூலாக வெளியிட்டார். கெட்டுப்போன அரிசியில் உண்டாகும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று அவர் நினைத்தார். அது சரியன்று, ஆயினும் குற்றம் அரிசியில்தான் என்று அவர் கண்டது சரியே.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளில் ஒரு பாதியினருக்குச் சயாம் வெள்ளை அரிசியும், மறு பாதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. அத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு இது.

பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும், ஜெலுபு காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடையே இதே சோதனையைச் செய்தனர். அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. தீட்டும்போது உதிர்ந்துபோகும் தவிட்டில்தான் உயிர் காக்கும் சத்து இருக்கிறது என்பதை அவர்கள் நிலைநாட்டினர். இன்று அதனைத் தயமின், அதாவது வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது இச்சத்து உமிக்கும் தவிட்டுக்கும் அடியிலுள்ள அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை.

நம் பாட்டன் பாட்டிமார் இந்த விஞ்ஞானத்தை அறிந்தவர்கள் அல்லர். மலேரியாவும் சோகையும் அவர்களை வாட்டத்தான் செய்தன. ஆனாலும் ஊர்ப் பழக்கத்தை விடாமல் உண்ட அந்த மங்கிய நிற அரிசி, ஒரு கொடிய நோயிலிருந்து அவர்களைக் காத்தது.

இன்று நம்மிடையே பெரிபெரி இல்லை. அன்று உணவில் ஒரு சத்துக் குறைந்ததால் நோய் வந்தது. இன்று உணவு மிகுந்து நோய் வருகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களுள் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு நீரிழிவு, அதாவது இனிப்பு நீர், இருந்தது. மற்ற பேரினத்தாரைவிட இது அதிகம்.

காரணம் புரியாததன்று. சோற்றிலும் சீனியிலும் உள்ள மாவுப்பொருளில், உடல் உழைப்புக்குச் செலவானது போக மிஞ்சுவது கொழுப்பாக மாறித் தங்குகிறது. விடியற்காலை முதல் மரம் சீவி, பால் வாளி சுமந்த உடலுக்கு ஒரு தட்டுச் சோறு தேவைப்பட்டது. நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் பிள்ளைக்கும் அதே அளவு சோறு, அதன்மேல் டின் பால் ஊற்றிய தேநீர் மூன்று வேளை என்றால், மிஞ்சுவது வயிற்றில்தான் சேரும். நம் இனத்தாருக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது வழக்கம். ஆகவே எடையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக்கூடாது. தையல் நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே எல்லை.

புழுங்கல் அரிசியாயினும் அளவு மிஞ்சினால் கேடுதான். தட்டில் சோற்றைக் குறைத்து, கீரையையும் பருப்பையும் மீனையும் கூட்டுவோம். தேநீரில் சீனியைச் சிறிது சிறிதாகக் குறைப்போம். பெரிபெரிக் காலத்தில் தம்மைக் கொல்வது எது என்று அறியாமலே மக்கள் மாண்டனர். நாம் அறிந்திருக்கிறோம். அறிந்ததை இன்றிரவு அடுப்பங்கரையிலிருந்தே தொடங்குவோமாக.