பிரிவு 811 வாடகை உதவித் திட்டம்

அமெரிக்காவில் மிகக் குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வாடகை வீடு கிடைக்கச் செய்யும் கூட்டாட்சி அரசின் திட்டம். 1990-ஆம் ஆண்டின் தேசியக் கட்டுப்படியான வீட்டுவசதிச் சட்டத்தின் 811-ஆம் பிரிவில் தோன்றியதால் இப்பெயர் பெற்றது. வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை இதை நடத்துகிறது.

தொடக்கத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வீடுகள் கட்ட லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு நிதி தரப்பட்டது. மாற்றுத்திறனாளிகளைத் தேவையின்றிக் காப்பகங்களில் வைத்திருப்பது பாகுபாடு என 1999-இல் ஓல்ம்ஸ்டெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் பிறரோடு கலந்து வாழும் வழி தேடிய 2010-ஆம் ஆண்டின் ஃபிராங்க் மெல்வில் சட்டம் இன்றைய வாடகை உதவி முறையைக் கொண்டுவந்தது.

இம்முறையின் உயிர்நாடி ஒரே மாநிலத்தின் இரு அமைப்புகளுக்கிடையிலான உடன்பாடு. மருத்துவ உதவித் துறை, தகுதியுள்ளவர்களைக் கண்டறிந்து பரிந்துரைக்கிறது. வீட்டுவசதி முகமை, பொதுவான அடுக்குமாடிகளில் வீடுகளை ஒதுக்குகிறது. ஒரு வளாகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வீடுகள் கால் பங்கைத் தாண்டக்கூடாது. இந்த வரம்பே திட்டத்தின் மிகச் சிறந்த கூறு. குடும்பத்தில் 18 வயது நிறைந்த, 62 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்க வேண்டும். வருமானம் அப்பகுதி இடைநிலை வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும்.

குடியிருப்பவர் கழிவுகள் போக எஞ்சும் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகையாகத் தருகிறார். மீதியை அரசு வீட்டு உரிமையாளருக்குச் செலுத்துகிறது. 2024-இல் வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளில் தனிநபருக்கான கூட்டாட்சி உதவித்தொகையின் உச்சவரம்பு மாதம் 943 டாலர். அதை மட்டும் நம்பியிருப்பவரால் சந்தை வாடகையைத் தாங்கவே இயலாது. குடியிருப்பவருக்கு அளிக்கப்படும் பராமரிப்புச் சேவைகளை ஏற்பது அவரவர் விருப்பம். மறுத்தாலும் வீடு பறிபோகாது. ஆனால் ஒதுக்கப்படும் வீடுகள் தேவைக்கு மிகக் குறைவு.