நீரடைப்பை அறியும் சோதனைகள்

சிறுநீர் தடைபடுதல், முக்கிக் கழித்தல், அடக்க முடியாமை ஆகியவற்றின் காரணத்தைக் காணும் முறைகள். திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இதற்குச் சித்த மருத்துவம், மேலை மருத்துவம் என இரு வழிகள் உள்ளன.

சித்தரின் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. சித்தர் தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்களே இதற்கு அடிப்படை. அவர் காலம் குறித்து ஒத்த கருத்தில்லை. அப்பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் இருந்திருக்கலாம் என்பாரும் உண்டு. விடியற்கால நீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தையும் பார்ப்பது நீர்க்குறி. நெய்க்குறிக்கு அந்நீரைக் கிண்ணத்தில் வெயில்படும் இடத்தில் அசையாமல் வைத்து, ஒரு துளி நல்லெண்ணெயை மெல்ல விடுவர். கிண்ணம் காற்றில் சிறிதும் அலுங்கக் கூடாது. துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றால் கபம். வைத்தியரின் கண்ணும் பொறுமையுமே இங்கு கருவி.

ஈழத்துச் சித்த வைத்திய நூல்களான செகராசசேகரம், பரராசசேகரம் எந்த மன்னர் காலத்தவை என்று துணிவது எளிதன்று. ஏனெனில் இவற்றின் பெயர்கள் யாழ்ப்பாண அரசர் மாறிமாறிச் சூடிய அரியணைப் பெயர்கள். மற்றொரு வழியான மேலை மருத்துவத்தை 1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே கற்பித்தார்.

நெய்க்குறி வெளிவந்த நீரைப் பார்க்கிறது. அந்நீர் வெளிவரும் விசையை அளப்பது பிற்கால முயற்சி. இத்தாலியில் மொசோ, பெலக்கானி இருவரும் 1882இல் சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை ஆராய்ந்தனர். அமெரிக்காவில் ரோஸ் 1927இல் அழுத்தமானியையும், டிரேக் 1948இல் ஓட்டமானியையும் விவரித்தனர்.

இன்றைய முறையில் நோயாளி முதலில் ஓட்டமானியில் சிறுநீர் கழிப்பார். உச்ச ஓட்டம் விநாடிக்கு 15 மி.லி.க்கு மேல் இருந்தால் அடைப்புக்கு வாய்ப்புக் குறைவு. 10க்குக் கீழ் இருந்தால் ஐயம் எழும். ஆனால் மெலிந்த தாரைக்கு அடைப்பும் காரணமாகலாம், பைத்தசையின் சோர்வும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்தறிய, சிறுநீர்ப்பைக்குள் ஒன்றும் மலக்குடலுக்குள் ஒன்றுமாக மெல்லிய குழாய்கள் செலுத்தப்படும். பையின் அழுத்தத்திலிருந்து வயிற்றழுத்தத்தைக் கழித்தால் தசையின் சொந்த வலு தெரியும். அழுத்தம் மிக்கு ஓட்டம் குறைந்தால் அடைப்பு. இரண்டுமே குறைந்தால் தசைச் சோர்வு. தசை சோர்ந்தவருக்கு, அடைப்பை நீக்கும் சுக்கிலச் சுரப்பி அறுவை பலன் தராமல் போகக்கூடும் என்பதால் இவ்வேறுபாடு பெரிது. திடீரென முற்றாக அடைபட்டவருக்குச் சோதனையன்று, உடனே வடிகுழாய் இடுவதே முதல் தேவை.

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் 2001இல் நிறுவப்பட்டது. பின்னர் அங்கு சித்த மருத்துவப் பட்டப்படிப்பும் தொடங்கியது.