எழுதப்பட்ட சமாதானம்: யூனிக்ஸ் தரநிலைகளும் இணக்கத்தின் சுமையும்

யூனிக்ஸின் வரலாறு பெரும்பாலும் ஒரு போர்க்கதையாகவே சொல்லப்படுகிறது. 1980களில் நிறுவனங்கள் ஆளுக்கொரு யூனிக்ஸை விற்றன. ஒன்றுக்கென எழுதிய நிரல் மற்றொன்றில் ஓட மறுத்தது. 1988இல் ஐஇஇஇ வெளியிட்ட போசிக்ஸ் தரநிலை வந்து சண்டையைத் தீர்த்தது. கதையின் கடைசிப் பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. போசிக்ஸ் தீர்த்த வழக்குகளைவிட ஒத்திவைத்த வழக்குகளே நிரலரை அதிகம் அலைக்கழித்தன. அந்த ஒத்திவைப்புக்கான செலவு விற்பனையாளர் கணக்கில் ஏறாமல் நிரலர் தலையில் விழுந்தது என்பதே என் வாதம்.

பிளவின் வேர் சட்டத்தில் இருக்கிறது. 1969இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் பிறந்தபோது, அதன் உரிமையாளரான ஏடி அண்ட் டி, 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாட்டால் தொலைத்தொடர்புக்கு வெளியே வணிகம் செய்ய முடியாதிருந்தது. அதனால் மூலநிரல் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் போய்ச் சேர்ந்தது. பெர்க்லியில் பிஎஸ்டி என்ற கிளை தழைத்தது. 1984இல் ஏடி அண்ட் டி பிரிக்கப்பட்டு அந்தத் தடை நீங்க, அதன் சிஸ்டம் ஃபைவ் சந்தையில் முழுமூச்சாக இறங்கியது. சன், எச்பி, ஐபிஎம், டெக் ஆகியவை இரு கிளைகளிலிருந்தும் வேண்டியதைப் பறித்துத் தத்தம் யூனிக்ஸைக் கட்டின. வாடிக்கையாளர் எளிதில் கைமாறிப் போகாதிருக்க இந்த வேறுபாடுகள் உதவின என்பதால், அவற்றை ஒழிக்க யாருக்கும் பெரிய அவசரமில்லை.

எக்கோ என்ற கட்டளையைப் பாருங்கள். கொடுத்த சொற்களைத் திரையில் அச்சிடுவது மட்டுமே அதன் வேலை. இதைவிட எளிய கட்டளை யூனிக்ஸில் அரிது. வரி முடிவில் அடுத்த வரிக்குத் தாவாமலிருக்க, பிஎஸ்டியில் ‘-என்’ என்று முன்னால் எழுத வேண்டும். சிஸ்டம் ஃபைவிலோ பின்சாய்கோட்டுடன் ‘சி’ என்ற எழுத்தைக் கடைசியில் சேர்க்க வேண்டும். அங்கே ‘-என்’ என்று எழுதினால் அதுவும் திரையில் வந்து நிற்கும். இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கான ஸ்கிரிப்ட்டுகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. போசிக்ஸ் குழு என்ன செய்தது? முதல் சொல் ‘-என்’ ஆகவோ, ஏதேனும் ஒரு சொல்லில் பின்சாய்கோடோ இருந்தால், விளைவை அந்தந்த அமைப்பே முடிவு செய்யலாம் என்று எழுதிவைத்தது. சச்சரவுக்குரிய இரண்டே இடங்கள் அவை. இரண்டிலும் தரநிலை வாய் திறக்கவில்லை. எக்கோவை விட்டுவிட்டு பிரிண்ட்எஃப் கட்டளையைப் பயன்படுத்துங்கள் என்று நிரலருக்கு அறிவுரை மட்டும் கிடைத்தது.

சிக்னல் சார்பின் கதையில் ஆபத்து கூடுதல். சிஸ்டம் ஃபைவில் நிரலுக்கு ஒரு சிக்னல், அதாவது குறிப்பு, வந்ததும் அதற்காக நிரலர் அமைத்த கையாளி நீங்கிவிடும். மீண்டும் அமைப்பதற்குள் இரண்டாவது குறிப்பு வந்தால் நிரல் மடியும். பிஎஸ்டியில் கையாளி நிலைத்திருக்கும். போசிக்ஸ் சிக்ஆக்ஷன் என்ற புதிய சார்பைத் தந்து, எந்த நடத்தை வேண்டும் என்பதை நிரலரிடமே கேட்டது. நல்ல வடிவமைப்புதான், ஆனால் பழைய நிரல்களைத் திருத்தி எழுதும் வேலை யாருடையது? காப்பகக் கோப்புகளில் டார் கட்சியும் சிபிஐஓ கட்சியும் விட்டுக்கொடுக்காததால் பாக்ஸ் என்ற மூன்றாவது கட்டளை பிறந்தது. இலத்தீனில் அச்சொல்லுக்குச் சமாதானம் என்று பொருள். மக்கள் இன்றும் டாரைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

1993இல் விற்பனையாளர்கள் கூடி ஒரு பொதுப் பட்டியலுக்கு உடன்பட்டார்கள். 926 நிரல் இடைமுகங்கள், 70 தலைப்புக் கோப்புகள், 174 கட்டளைகள். கூட்டினால் வரும் 1170 என்ற எண்ணே அதன் பெயராயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1991இல், ஆட்டோகான்ஃப் வந்திருந்தது. அது உருவாக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் எந்தத் தரநிலையையும் நம்புவதில்லை. சிறுசிறு நிரல்களைத் தொகுத்துப் பார்த்து, ‘இந்தச் சார்பு இங்கே உண்டா, எப்படி நடந்துகொள்கிறது’ என்று கணினியையே விசாரிக்கிறது. 1170க்குப் பிறகும் அந்த விசாரணை நின்றுவிடவில்லை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. போசிக்ஸ் இல்லையேல் லினக்ஸ் இல்லை என்பார்கள்; 1991 ஜூலையில் லினஸ் டோர்வால்ட்ஸ் போசிக்ஸ் விதிகளைத் தேடிக்கொண்டிருந்தது உண்மையே. எழுதப்பட்ட இலக்கு இருந்ததால்தான் ஏடி அண்ட் டியின் ஒரு வரியையும் தொடாமல் யூனிக்ஸ் போன்ற ஒன்றைக் கட்ட முடிந்தது. இதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் லினக்ஸ் வெளியீடுகளில் மிகப் பெரும்பாலானவை யூனிக்ஸ் சான்றிதழ் பெறாதவை. அவற்றுக்கிடையே மூலநிரல் அளவில் இணக்கம் இருப்பதற்குக் காரணம், எல்லாம் ஒரே கருநிரலையும் பெரும்பாலும் ஒரே குனு கருவிகளையும் பகிர்வதே. தொகுத்த நிரலை அப்படியே எடுத்துச் செல்லும் இணக்கத்துக்காக 2001இல் வந்த எல்எஸ்பி தரநிலைக்குப் பரவலான ஆதரவு கிட்டவில்லை. இன்று நிரல்கள் தமக்கு வேண்டிய நூலகங்களைக் கொள்கலனில் கட்டுச்சோறாகச் சுமந்து போகின்றன.

சான்றிதழ் பெற்ற அமைப்பின் நிலை என்ன? 2007இல் ஆப்பிளின் மேக் இயங்குதளம், பதிப்பு 10.5, யூனிக்ஸ் 03 சான்றிதழ் பெற்றது. அது பிஎஸ்டி வழி வந்தது. சான்றிதழின் விதியோ, போசிக்ஸ் அமைப்புகளிடம் விட்டுவைத்ததைத் தானே முடிவுசெய்து, எக்கோவில் ‘-என்’ என்பதை அப்படியே அச்சிடச் சொல்கிறது. ஆப்பிள் விதிக்குக் கட்டுப்பட்டது. அதுவரை சரியாக ஓடிய ஸ்கிரிப்ட்டுகள், பொது ஷெல் வழியே ஓடும்போது, ‘-என்’ என்று திரையில் எழுதத் தொடங்கின. அதே கணினியில் பயனர் அன்றாடம் புழங்கும் ஷெல்லில் அதே கட்டளை பழையபடி நடந்தது.