சல்லிவன் துரைக்கு வழி காட்டியவர் யார்?



போன பௌர்ணமி கிரிவலத்தில், அடிஅண்ணாமலை தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் முழங்கால் இப்போதெல்லாம் 14 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஒப்புக்கொள்வதில்லை. பழைய மாணவன் ஒருவன் மகளோடு வந்து வணக்கம் சொன்னான். பள்ளி விடுமுறையில் ஊட்டிக்குப் போய் வந்தார்களாம். "எனக்கு வரலாறு எடுத்த சார் இவர்தான். ஊட்டியைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேளு, தூக்கத்திலயும் சொல்வார்" என்றான் மகளிடம்.

நானும் சொன்னேன். "கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819."

ஆறாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண் கேட்டாள்: "அதுக்கு முன்னாடி அங்க யாருமே இல்லையா தாத்தா?"

"இருந்தாங்கம்மா."

"அப்ப அவங்க கண்டுபிடிக்கலையா?"

டீ ஆறிப்போனது. முப்பது வருடங்களுக்கு மேல் வகுப்பில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க விடாதபடி நான் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பதுதான் உண்மை. அந்தக் குழந்தைக்கு அன்றிரவு சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆண்டுகள். கர்நாடகத்தில் சாமராஜநகர் பகுதியில் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன், தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாக அது பெருமை பேசுகிறது. ஆக, சல்லிவனுக்கு எழுநூறு வருடங்களுக்கு முன்பே மலைக்கும் பெயர் இருந்தது, மக்களுக்கும் பெயர் இருந்தது. 1603-இல் ஃபெனீசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறிவந்து தோடர்களைச் சந்தித்தார். பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார் என்று குறிப்பு இருக்கிறது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மலை கம்பெனி கைக்கு வந்தது. 1812-இல் வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளர் மேலே போய் அறிக்கை எழுதினார். 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் ஏறினார்கள். அவர்கள் வந்து சொன்னதைக் கேட்ட பிறகுதான் 1819 ஜனவரியில் சல்லிவன் புறப்பட்டார்.

இத்தனை பேர் போய்வந்த பிறகு ஏறியவரைத்தான் 'கண்டுபிடித்தவர்' என்று நான் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

சல்லிவனைக் குறைத்துச் சொல்வது என் எண்ணம் இல்லை. ஊட்டி ஏரியும் உருளைக்கிழங்கும் அவர் காலத்து வேலைகள். தோடர்களுக்கு அவர்கள் நிலத்தின் மேல் உரிமை உண்டு என்று மேலிடத்தோடு வாதாடியவரும் அவர்தான். அந்த நாளில் ஒரு கலெக்டர் அப்படிப் பேசியது சின்ன விஷயம் அல்ல. என் கேள்வி வேறு. அடிவாரத்திலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறிய அந்தப் பாதையில் அவருக்கு முன்னால் நடந்தது யார்? பாதை இருந்தது என்றால் அதில் நடப்பவர்களும் இருந்திருக்கிறார்கள் அல்லவா? படுகர் ஊர்களுக்கும் சமவெளிக்கும் மக்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கை காட்டாமல் எந்தத் துரையும் அந்தக் காட்டைத் தாண்டியிருக்க முடியாது.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காலால் தெரிந்துகொண்டேன்.

1994 பிப்ரவரி. பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கள் ஏழு பேர், வனத்துறை அனுமதி வாங்கி முகூர்த்தி தேசியப் பூங்காவில் மூன்று நாள் நடந்தோம். நீலகிரியின் மேற்கு விளிம்பு அது. 1982-இல் வரையாட்டுக்காகச் சரணாலயம் ஆக்கி, 1990-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் நடந்து பார்த்தால் அது எட்டு மடங்கு. ஒரு மேடு ஏறினால் அடுத்த மேடு. நடுவில் உள்ள பள்ளத்தில் கறுப்பாகச் சோலைக்காடு, ஓடை. மறுபடி புல்மேடு. நம் அண்ணாமலை 2,668 அடி. அங்கே நாங்கள் காலை உப்புமா சாப்பிட்ட இடமே அதைப்போல மூன்று மடங்கு உயரம் இருக்கும்.

எங்களோடு வந்தவர் வனத்துறை வாட்சர். தோடர். வயது ஐம்பதுக்கு மேல். முட்டிக்குக் கீழே கிழிந்த காக்கி பேண்ட், அதற்கு மேல் அவர்களுடைய சிவப்பு கறுப்பு பூ வேலை செய்த வெள்ளைப் போர்வை, கையில் ஒரு கம்பு. நாங்கள் 'அண்ணா' என்றோம். அவர் எங்களைச் 'சார்' என்றார். சர்வே வரைபடத்தை விரித்து "இது எந்த மலை?" என்று கேட்டால், வரைபடத்தைப் பார்க்கவே மாட்டார். மலையைப் பார்த்துச் சொல்வார். அவர் சொல்லும் பெயர் ஒன்று, அச்சில் இருப்பது வேறு ஒன்று.

முதல் நாள் இரவு பங்கித்தபால் என்ற இடத்தில் தங்கினோம். வனத்துறையின் பழைய விடுதி ஒன்றும், பக்கத்தில் ட்ரவுட் மீன் விட்ட ஓடையும் உண்டு. 'இதென்ன பெயர்?' என்று அன்று சிரித்தோம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பங்கி என்றால் காவடி. தோளில் மூங்கில் வைத்து இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டு ஆட்கள் ஓடிச் சுமந்த பார்சல் தபாலுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் 'பங்கித் தபால்' என்று பெயர். 1830-களில் சிஸ்பாரா கணவாய் வழியாகக் கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு பாதை போட்டார்கள். அந்தப் பாதையில் காவடிக்காரர்கள் இளைப்பாறிய இடம் இது. பாதை போட உத்தரவு போட்ட கவர்னரின் பெயர் லஷிங்டன். அதற்கு ஆவணம் இருக்கிறது. உறைபனியிலும் தென்மேற்குப் பருவமழையிலும் அந்த மூங்கிலைத் தோளில் வைத்து ஓடியவர்களில் ஒருவர் பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அவர்கள் செய்த வேலையின் பெயர் மட்டும் ஊர்ப்பெயராக நிற்கிறது.

இரண்டாம் நாள் சிஸ்பாராவுக்கு நடந்தோம். அங்கே மேடு சட்டென்று முடிந்துபோகும். கீழே அமைதிப் பள்ளத்தாக்கு, பச்சைக் கடல் மாதிரி. வழியில் வரையாட்டுக் கூட்டம் ஒன்றைப் பார்த்தோம். நாங்கள் பார்த்தோம் என்பதே தவறு. அண்ணா நின்றார், கம்பைத் தாழ்த்தினார், அதன் பிறகு பத்து நிமிடம் கழித்துத்தான் பாறை நிறத்திலிருந்து ஆடுகள் பிரிந்து எங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஒரு பெட்டை மட்டும் மேயாமல் உயரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "அது காவல், சார். அது போனா எல்லாம் போயிடும்" என்றார். பதினான்கு எண்ணினோம்.

திரும்பும்போது மூடுபனி வந்தது. நீட்டிய கை தெரியவில்லை. எங்களில் ஒருவர் கணக்கு ஆசிரியர், திசைகாட்டி வைத்திருந்தார். வடகிழக்கே நடந்தால் ஓடை வந்துவிடும், ஓடையைப் பிடித்தால் விடுதி என்றார். அண்ணா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உக்காருங்க, சார்." கணக்கு ஆசிரியருக்குக் கோபம். இரண்டு மணி நேரம், நனைந்த புல்லில், பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தோம். பனி விலகியதும் பார்த்தால், திசைகாட்டி சொன்ன திசை சரிதான். ஆனால் நாங்கள் நிற்பதாக நினைத்த இடம் வேறு, நின்ற இடம் வேறு. அவர் போக நினைத்த பக்கம் கல்லெறி தூரத்தில் பூமி இல்லை. அன்றிரவு கணக்கு ஆசிரியர் தன் பங்கு சப்பாத்தியில் பாதியை அண்ணாவின் தட்டில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை முகூர்த்திச் சிகரம் (2,554 மீட்டர்) தெளிவாகத் தெரிந்த ஒரு திருப்பத்தில் அண்ணா நின்று, வலக்கையை முகத்துக்கு நேரே உயர்த்தி ஒரு கணம் அப்படியே இருந்தார். நம்மூரில் ராஜகோபுரம் கண்ணில் பட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதுபோல. தோடர்களுக்கு இறந்தவர்களின் உலகம் மேற்கே. இந்தச் சிகரங்களும் ஓடைகளும் போனவர்கள் நடக்கும் வழி. நாங்கள் சுற்றிப்பார்க்க வந்த இடம் அவருக்கு அப்பன் பாட்டன் போன பாதை. அப்போது இது எனக்குத் தெரியாது. அவரைக் கேட்கவும் தோன்றவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தது. ரிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞர் 1906-இல் தோடர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியிருக்கிறார். குடும்பம் குடும்பமாக வம்சாவளியே போட்டிருக்கிறார். எமனோ 1930-களில் நீலகிரியில் தங்கித் தோடர் பாடல்களைச் சேகரித்தார். அந்தப் பாடல்களில் ஒவ்வொரு குன்றும் மந்தும் பெயரோடு வருகின்றன. ஊட்டியில் பல் மருத்துவரான தருண் சாப்ரா, தோடர்களோடு பல வருடம் நடந்து அந்த இடங்களையெல்லாம் தன் 2015-ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்தார். நாம் 'யாருமற்ற காடு' என்று நினைத்ததற்கு அடிக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. ஊட்டி என்ற பெயரே அப்படி வந்ததுதானே. 1821-இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் வந்த கடிதத்தில் அது 'வோட்டகிமண்ட்'. அந்த 'மண்ட்', தோடர் குடியிருப்பான மந்து. கண்டுபிடித்தவர்கள் பெயரைக்கூட அங்கிருந்தவர்களிடம்தான் வாங்கியிருக்கிறார்கள்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். மலையேற்றத்துக்கு முறையான விதிகள் அதன் பிறகுதான் வந்தன. 2024-இல் வனத்துறை நாற்பது பாதைகளை அறிவித்து, மலைக் கிராம இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. நல்ல காரியம். வரையாட்டையும் மறக்கவில்லை. 1963-லேயே அதைக் கணக்கெடுத்தவர் இ.ஆர்.சி. டேவிதார். அவர் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031. அடுத்த ஆண்டு 1,303. அந்த எண்ணுக்குப் பின்னால் நாள்கணக்கில் புல்மேட்டில் நடந்த கால்கள் இருக்கின்றன. மேயாமல் நிற்கும் அந்தப் பெட்டையை முதலில் பார்த்த கண்களும் இருக்கின்றன.

நம் ஊரில் இந்த விஷயத்தில் பரவாயில்லை என்றே சொல்வேன். கார்த்திகை தீபத்துக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றுவது யார் என்று கேட்டால், பர்வத ராஜகுலத்தார் என்று திருவண்ணாமலையில் சின்னப் பிள்ளையும் சொல்லும். கொப்பரையும் நெய்யும் தோளில் ஏறும் பாதை அவர்களுடையது. நாம் கீழே நின்று பார்க்கிறவர்கள்தான்.

போன வாரம் பரண்மேலிருந்து 1994 டைரியை எடுத்தேன். அந்தக் குழந்தைக்கு அண்ணாவைப் பற்றி எழுதி அனுப்பலாம் என்று. மூன்று நாளும் விவரமாக எழுதியிருக்கிறேன். புறப்பட்ட நேரம், குளிர் எத்தனை டிகிரி, வரையாடு பதினான்கு, சப்பாத்தி, கணக்கு ஆசிரியரின் திசைகாட்டி, விடுதி வாடகை. ஏழு ஆசிரியர்களின் பெயரும் பள்ளியும் ஊரும் வரிசையாக இருக்கின்றன. எட்டாவதாக ஒரு வரி: 'வாட்சர் ஒருவர் உடன் வந்தார்.'

மூன்று நாள் அவர் பின்னால் நடந்தேன். ஒருமுறை அவரால் உயிர் பிழைத்தேன் என்றும் சொல்லலாம். பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதவில்லை. சல்லிவன் துரையாவது கலெக்டர், அவருக்கு ஆயிரம் வேலை. நான் வரலாற்று ஆசிரியர்.

டைரிக்குள் ஒரு புகைப்படம் இருந்தது. ஓரம் மஞ்சளாகிவிட்டது. ஏழு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். வலது ஓரத்தில், பாதி உடம்பு மட்டும் சட்டகத்துக்குள் விழும்படி, போர்வையும் கம்புமாக நிற்பவர்தான் அண்ணா. கீழே பதிவிட்டிருக்கிறேன். என் மாணவர்களில் நீலகிரிப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் வனத்துறையில் அந்த நாளில் இருந்தவர்கள் யாரையாவது தெரிந்தால் இந்தப் படத்தைக் காட்டுங்கள். முதலில் அவர் வீட்டாரிடம் காட்டிவிட்டு, அவர்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். டைரியில் அந்த வரிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.