பிரித்தானியாவில் சுங்கவரியும் உணவு விலையும்: ஐரோப்பிய ஒன்றிய விலகல் விவாதத்தின் வரலாற்றுப் பின்புலம்

2016ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் பிரித்தானியாவில் நடைபெற்ற பொது வாக்கெடுப்பில், வாக்களித்தோருள் 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு விலக வேண்டும் என்றனர். இறையாண்மை, குடியேற்றம் ஆகியவை பற்றிய வாதங்களே அவ்வேளையில் உரத்து ஒலித்தன. எனினும் அவற்றோடு சேர்ந்து எழுந்த மற்றொரு வாதம் தனியே ஆராயத்தக்கது. ஒன்றியத்தின் சுங்கவரிச் சுவருக்கு வெளியே வந்துவிட்டால் உலகச் சந்தையின் மலிவான உணவு பிரித்தானியரின் மேசைக்கு வரும் என்பதே அவ்வாதம். இது எந்த மரபிலிருந்து கிளைத்தது, எதனைக் கணக்கிற் கொண்டது, எதனைக் கணக்கிற் கொள்ளாது விட்டது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரொட்டியின் அரசியல்

உணவு விலையையும் சுங்கவரியையும் இணைத்துப் பேசுவது பிரித்தானிய அரசியலில் இருநூறாண்டுப் பழக்கம். நெப்போலியப் போர்கள் முடிந்த 1815ஆம் ஆண்டில் நிறைவேறிய தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமையின் விலை குவார்ட்டர் அளவுக்கு 80 ஷில்லிங்கை எட்டும் வரை அயல்நாட்டுக் கோதுமையைச் சந்தையில் விற்கத் தடை விதித்தது. நிலவுடைமையாளர் நிறைந்திருந்த நாடாளுமன்றம் தன் வாரத்தைக் காத்துக்கொள்ள இயற்றிய சட்டம் இது என்று நகர மக்கள் கருதினர். 1838இல் மான்செஸ்டரில் தொடங்கிய எதிர்ப்பியக்கத்தை ரிச்சர்ட் காப்டனும் ஜான் பிரைட்டும் முன்னின்று நடத்தினர். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பஞ்சம் தலைகாட்டிய சூழலில், தலைமையமைச்சர் ராபர்ட் பீல் தம் கட்சி பிளவுபடும் என்பதை அறிந்தும் 1846இல் அச்சட்டங்களை நீக்கினார். அன்றிலிருந்து ‘மலிவான ரொட்டி’ என்பது பொருளியல் கூற்றாக மட்டுமன்றி, ஒரு தலைமுறையின் அறநம்பிக்கையாகவும் நிலைபெற்றது.

அந்நம்பிக்கையின் வலிமையை ஜோசப் சேம்பர்லின் 1903இல் உணர்ந்தார். பேரரசின் நாடுகளை ஒரே வணிகக் குழுவாக இணைக்க விரும்பிய அவர், குடியேற்ற நாடுகளின் தானியத்திற்கு வரியின்றியும், பிற நாட்டுத் தானியத்திற்குக் குவார்ட்டருக்கு 2 ஷில்லிங் வரியுடனும் இறக்குமதியை அனுமதிக்கலாம் என்றார். இவ்வரியால் ரொட்டி சிறுத்துவிடும் என எதிர்ப்பாளர்கள் கூறியபோது, பர்மிங்ஹாம் கூட்டமொன்றில் இரண்டு ரொட்டிகளைத் தூக்கிக் காட்டி, வரியால் விளையும் வேறுபாட்டைக் கண்ணால் காண முடிகிறதா என்று கேட்டார். கேள்வி கூர்மையானதே. ஆயினும் மக்கள் கணக்கைவிட அச்சத்தையே நம்பினர். ‘பெரிய ரொட்டி, சிறிய ரொட்டி’ என்று தாராளக் கட்சியினர் ஒட்டிய சுவரொட்டிகள் 1906ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்தம் பெருவெற்றிக்குத் துணைநின்றன.

இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் சேம்பர்லினின் திட்டம் வேறு வடிவில் நிறைவேறியது. உலகப் பொருளாதார மந்தத்தினிடையே 1932இல் ஒட்டாவாவில் கூடிய பேரரசுப் பொருளாதார மாநாடு, பேரரசு நாடுகள் ஒன்றற்கொன்று வரிச்சலுகை அளித்துக்கொள்ளும் முறையை நிறுவியது. இந்தியாவின் சார்பில் சென்ற குழுவில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இடம்பெற்றிருந்தார். பின்னாளில் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர் அவரே. ஒட்டாவா ஏற்பாட்டால் ஆதாயம் யாருக்கு என்ற வினா இந்தியாவில் ஓயவில்லை. 1936இல் மத்திய சட்டமன்றம் அவ்வொப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் எனத் தீர்மானித்தது. வணிகக் குழுவொன்றிலிருந்து வெளியேறுவது பற்றிய விவாதம் இந்தியருக்கும் புதிதன்று என்பது இங்கு நினைக்கத்தக்கது.

உள்ளே நுழைந்தபோது எழுந்த வாதம்

1973ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அதுவரை அந்நாட்டில் நிலவிய முறை வேறு. வெளிநாட்டு உணவு உலக விலையிலேயே உள்ளே வந்தது. அதனால் உழவர்க்கு நேரும் இழப்பை அரசு கருவூலத்திலிருந்து ஈடுசெய்தது. சுருங்கக் கூறின், உழவரைக் காக்கும் செலவை வரி செலுத்துவோர் ஏற்றனர். உணவு வாங்குவோர் ஏற்கவில்லை. சமூகத்தின் பொது வேளாண் கொள்கையோ இதற்கு நேர்மாறானது. உள்விலையை உயர்த்தி வைத்து, வெளியிலிருந்து வரும் பொருளின் விலை அதற்குக் கீழே இறங்காதவாறு மாறுவரி விதித்தது. இதன்படி செலவு கடையில் பொருள் வாங்குவோர் தலையில் விழுந்தது.

இவ்வுண்மையை அரசும் மறைக்கவில்லை. சேர்ந்த பின் ஏறத்தாழ ஆறாண்டுக் காலத்திற்கு உணவின் சில்லறை விலை ஆண்டுக்கு 2½ விழுக்காடு அளவில் கூடும் என 1971ஆம் ஆண்டு வெள்ளையறிக்கை வெளிப்படையாகவே கூறிற்று. நியூசிலாந்து வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் இணைப்பு ஒப்பந்தத்தில் தனி நெறிமுறை ஒன்று தேவைப்பட்டது. 1975இல் உறுப்புரிமை குறித்துப் பொது வாக்கெடுப்பு நடந்தபோது, எதிரணியைச் சேர்ந்த அமைச்சர் பார்பரா காஸில் பிரசெல்ஸ் கடைகளுக்கே சென்று பொருள்கள் வாங்கி, அங்குள்ள விலையேற்றத்தை எடுத்துக்காட்டினார். ஆனால் காலம் அவருக்குத் துணைசெய்யவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையிலேயே தானியமும் சர்க்கரையும் விலையேறிவிட்டமையால், ‘வெளியே மலிவு’ என்ற வாதம் வலுவிழந்தது. 67.2 விழுக்காட்டினர் உறுப்புரிமை தொடர வாக்களித்தனர்.

இந்நிகழ்ச்சியில் ஒரு கருத்துப் பொதிந்துள்ளது. உலக விலை என்பது நிலையான ஓர் எண்ணன்று. அதனை அளவுகோலாகக் கொண்டு ‘வெளியேறினால் இவ்வளவு மிச்சம்’ எனக் கணக்கிடுவோர், தாம் கணக்கிடும் நாளின் விலையை என்றைக்கும் உரிய விலையாகக் கொள்கின்றனர்.

விலகலின் கணக்கு

2016ஐ ஒட்டி எழுந்த வாதம் 1846இன் மொழியையே மீண்டும் பேசியது. ஒருதலையாகவே எல்லா வரிகளையும் நீக்கிவிட்டால் நுகர்வோர் விலைகள் 8 விழுக்காடு அளவில் குறையும் எனப் பொருளியலறிஞர் பேட்ரிக் மின்போர்டும் அவரைச் சார்ந்தோரும் கூறினர். பிரித்தானியாவில் ஆரஞ்சு விளையாதபோது ஆரஞ்சுக்கு வரி எதற்கு என்ற வினா மேடைதோறும் எழுப்பப்பட்டது. ஸ்பெயின் நாட்டு உழவருக்காகப் பிரித்தானிய நுகர்வோர் ஏன் செலவு செய்ய வேண்டும் என்பதே அதன் உட்பொருள். வினாவில் நியாயம் இல்லை எனக் கூற இயலாது. மாட்டிறைச்சிக்கு ஒன்றியம் விதித்த வரி 12.8 விழுக்காட்டோடு எடைக்கேற்ற தனித்தொகையும் சேர்ந்ததாகும். அதனைத் தாண்டி அயல்நாட்டு இறைச்சி வருவது அரிது.

ஆயினும் வாதத்தின் அடித்தளம் குறுகியது. வறுக்காத காப்பிக்கொட்டைக்கு ஒன்றியம் வரி விதிக்கவேயில்லை. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பொருள்களுக்கு, படைக்கலம் நீங்கலாக, 2001 முதலே வரிவிலக்கு இருந்தது. அனைத்திற்கும் மேலாக, பிரித்தானியா இறக்குமதி செய்த உணவின் பெரும்பகுதி அயர்லாந்து, நெதர்லாந்து, பிரான்சு, ஸ்பெயின் போன்ற ஒன்றிய நாடுகளிலிருந்தே வந்தது. அதன் மீது வரி ஏதுமில்லை. இல்லாத வரியை நீக்கி விலையைக் குறைக்க இயலாது. எல்லாச் சுங்கவரிகளையும் அடியோடு நீக்கினாலும் நுகர்வோர் விலைகள் 0.7 முதல் 1.2 விழுக்காடு வரையே குறையும் என நிதியியல் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. வாக்கெடுப்பின் முடிவு வெளியானவுடனே பவுண்டின் மதிப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு சரிந்தது. நாணயம் வீழ்ந்தால் இறக்குமதிப் பொருள் விலையேறும். வரியை நீக்கிப் பெறக்கூடிய மிச்சம் வரியைத் தொடுமுன்னரே கரைந்துபோயிற்று எனலாம்.

அரசின் நிலைப்பாடும் வாதத்தின் வழியே முழுதும் செல்லவில்லை. உடன்பாடின்றி விலக நேர்ந்தால் இறக்குமதியில், மதிப்பின்படி, 87 விழுக்காட்டுக்கு வரி இராது என 2019 மார்ச்சில் அறிவித்த அரசு, 2020 மே மாதம் வெளியிட்ட நிலையான வரிப்பட்டியலில் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கோழியிறைச்சி, வெண்ணெய் ஆகியவற்றின் வரியைத் தக்கவைத்தது. கரும்புச் சர்க்கரைக்கு மட்டும் 260,000 டன் வரை வரியின்றி இறக்குமதி செய்ய இடமளித்தது. நகர ஆலைகளின் கரும்புச் சர்க்கரைக்கும் நாட்டுப்புறத்துப் பீட்ரூட் சர்க்கரைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டமையை இது காட்டுகிறது. ஆஸ்திரேலியாவோடு 2021 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம், 35,000 டன்னில் தொடங்கிப் பத்தாண்டுகளில் 110,000 டன் வரை மாட்டிறைச்சியை வரியின்றி விட வகைசெய்தது. அப்பேச்சு நடந்த காலத்தில் வேளாண் அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவியிலிருந்து விலகிய பின் 2022 நவம்பரில், அது நாட்டுக்கு அத்துணை நல்ல ஒப்பந்தமன்று என மக்களவையிலேயே கூறினார். 2025 ஜூலை 24இல் இந்தியாவோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் சர்க்கரை, தீட்டிய அரிசி, கோழியிறைச்சி, முட்டை ஆகியவற்றின் வரியைப் பிரித்தானியா குறைக்கவில்லை. இந்தியா தன் பங்கிற்குப் பாற்பொருள்களை விலக்கி வைத்தது.

எல்லையில் நிகழ்ந்தது

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர் உல்கு கொள்வதோடு நில்லாமல், பொருளை அளந்து, புலிப்பொறி இட்டுப் புறம்போக்கினர். சுங்கம் என்பது தொகையை வாங்குதல் மட்டுமன்று. பொருளை நிறுத்துதலும் சோதித்தலும் சான்றளித்தலும் ஆகும். ‘சுங்கவரி’ என்ற சொல்லில் ‘வரி’ முன்னே நின்று, ‘சுங்கம்’ மறைந்துவிடுகிறது. பிரித்தானிய விவாதத்தில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

2020 டிசம்பர் 24இல் எட்டப்பட்ட வணிக ஒப்பந்தத்தால் ஒன்றியத்தோடான வணிகத்தில் சுங்கவரி சுழியாகவே நீடித்தது. ஆனால் அச்சலுகையைப் பெறப் பொருள் எங்கே விளைந்தது, எங்கே உருவானது என்று சான்று காட்ட வேண்டியதாயிற்று. சுங்க அறிவிப்புப் படிவங்களும், இறைச்சிக்கும் பாற்பொருளுக்கும் கால்நடை மருத்துவர் கையொப்பமிடும் சான்றிதழ்களும் தொடர்ந்தன. இவற்றுக்கான செலவு சரக்கின் மதிப்பைப் பொறுத்ததன்று. சரக்குத் தொகுதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எனவே ஒரே வண்டியில் பலருடைய பாலாடைக்கட்டியையும் இறைச்சியையும் சிறுசிறு அளவில் ஏற்றி அனுப்பும் சிறு வணிகரே மிகுதியாகத் தாக்கப்பட்டனர். விலை உயரும் என்ற அச்சத்தால் பிரித்தானிய அரசே தன் பக்கத்துச் சோதனைகளைப் பலமுறை தள்ளிவைத்தது. 2024 ஜனவரியில் சான்றிதழும் ஏப்ரலில் நேர்ச்சோதனையும் நடைமுறைக்கு வந்தபோது, டோவர் வழியே வரும் சரக்குத் தொகுதிக்கு 145 பவுண்டு வரை கட்டணமும் சேர்ந்தது.

லண்டன் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019 டிசம்பர் முதல் 2023 மார்ச் வரை உணவு விலை ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்ந்தது. விலகலால் எழுந்த வணிகத் தடைகள் இல்லாதிருப்பின் இவ்வுயர்வு 8 புள்ளிகள் அளவில் குறைந்திருக்கும். குடும்பங்கள் இவ்வாறு கூடுதலாகச் செலவிட்ட தொகை 695 கோடி பவுண்டு. குடும்பமொன்றுக்கு 250 பவுண்டு. இதனை மிகைப்படுத்திக் கொள்ளுதல் தகாது. 2022இல் தொடங்கிய உக்ரைன் போரும் எரிபொருள் விலையும் ஐரோப்பா முழுவதையும் வாட்டின. 2023 மார்ச்சில் பிரித்தானிய உணவுப் பணவீக்கம் 19 விழுக்காட்டைத் தாண்டியதற்கு அவையே முதன்மைக் காரணங்கள். ஆயினும் மலிவு வரும் என்று உரைக்கப்பட்ட திசையிலிருந்து விலையேற்றத்தின் ஒரு கூறு வந்தது என்பதை இம்மதிப்பீடு உணர்த்துகிறது. வருவாயில் பெரும்பங்கை உணவுக்கே செலவிடும் ஏழைக் குடும்பங்களின்மீதே அச்சுமை மிகுதியாக விழுந்தது. 1846இன் வழிவந்தோராகத் தம்மைக் கருதிக்கொண்டோர் முன்வைத்த வாதத்திற்கு இது கசப்பான முரணாகும்.

அண்மை நிகழ்வுகள் இரண்டை இங்குச் சேர்த்து நோக்கலாம். 2025 ஏப்ரலில் பிரித்தானிய அரசு மாப்பண்டமான பாஸ்தா, பழச்சாறு, தேங்காயெண்ணெய் முதலான 89 பொருள்களின் சுங்கவரியை 2027 ஜூலை வரை நிறுத்திவைத்தது. இதனால் வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் 1 கோடியே 70 இலட்சம் பவுண்டு மிஞ்சும் என அறிவித்தது. அடுத்த மாதம் 19ஆம் நாள் ஒன்றியத்தோடு நடந்த உச்சி மாநாட்டில், எல்லைச் சோதனைகளைக் குறைப்பதற்காக ஒன்றியத்தின் உணவு, கால்நடை நல விதிகளைப் பின்பற்றி நடக்கும் உடன்பாடு ஒன்றைப் பேசி முடிக்க இசைந்தது. அவ்விதிகளை ஒன்றியம் மாற்றும்போது பிரித்தானியாவும் மாற்றிக்கொள்ள வேண்டும். அவற்றின் பொருள் குறித்து ஐயம் எழுந்தால் ஒன்றியத்தின் நீதிமன்றமே இறுதி விளக்கம் தரும். உணவு விலையிலிருந்து தொடங்கிய விவாதம், 2016இல் உரத்து ஒலித்த இறையாண்மை வினாவிற்கே இவ்வாறு மீண்டும் வந்துசேர்ந்தது.