புகைப் பரிசோதனை காணாத துரு

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலை ஒட்டி நீளும் எங்கள் வீதியில் ஒரு காலத்தில் வாடகைக்கு ஓடியவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்களே. மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ-40, ஹில்மன் என்று அவற்றின் பெயர்கள் இன்றும் மூத்தவர்களின் நாவில் நிற்கின்றன. பிரசவ வேதனையில் துடித்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும், மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்துச் சென்றதும் அவைதாம்.

அக்கார்கள் அத்தனை காலம் உழைத்ததற்குக் காரணம் அவற்றின் உறுதி மட்டுமன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி இறுகியபோது கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, அதற்கு முன் வந்திறங்கிய கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே நாடு ஓட்டிற்று. ஒரு காரின் வயதை எண் தகடே சொல்லிவிடும். ஆங்கில எழுத்துக்கள் இருந்தால் அது மிகப் பழையது. பின்னர் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதற்கெதிராகப் போராட்டம் நடத்தியதும், தகடுகளில் தார் பூசப்பட்டதும், 1958 மே மாதத்தில் கலவரம் வெடித்ததும் வரலாறு. ஒரு தகர எண் தகட்டில் இவ்வளவு அரசியல் எழுதப்பட்ட நாடு வேறு உண்டோ என்று நான் எண்ணுவதுண்டு.

இக்கட்டுரையின் விடயம் அதுவன்று. இக்கார்கள் வீதியில் ஓடத் தகுதியானவையா என்பதை யார், எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்பதே.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இந்நாட்டின் வாகன நிர்வாகத்துக்கு இன்றும் அடித்தளம். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. தனியார் காருக்கோ, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழே முக்கியம். 2008 இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய இப்பரிசோதனை பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. புகைக்குழாயினுள் கருவியைச் செலுத்தி, காபன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் எவ்வளவு என்று அளக்கிறார்கள்.

பழைய கார் இதில் ஏன் சித்தியடைவதில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் எண்ணெயை எரிக்கின்றன. காபுரேற்றரின் ஊசியும் துளையும் தேய்ந்து பெற்றோல் மிகையாகப் பாய்கிறது. தீப்பொறி தரும் பொயின்ற் கருகியிருக்கிறது. அனுபவமுள்ள கராஜ்காரர் பரிசோதனைக்கு முதல்நாள் காபுரேற்றரின் அடித்திருகைச் சற்றுத் திருப்பிக் கலவையை மெலிதாக்குவார். சான்றிதழ் கைக்கு வந்ததும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவார். இதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. என் கவலை வேறு: அந்தக் கருவி காரின் அடிப்பாகத்தைப் பார்ப்பதேயில்லை.

மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் அறிமுகமான இக்காருக்கு லொறியைப் போலத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகட்டு உடலே பாரத்தைத் தாங்கும் சட்டமுமாகும். ஆகவே அதில் துரு பிடிப்பது எலும்பு உக்குவதற்குச் சமம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, ஜாக் வைக்கும் இடம், பின் வில்லுகள் பொருத்தப்படும் இடம் ஆகியவை முதலில் உக்கும். கடற்காற்றின் உப்பு அந்த மூடிய பெட்டிகளுக்குள் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. வெளியில் தகரம் வைத்து, பட்டி பூசி, டிங்கரிங் செய்து, பூச்சு அடித்துவிட்டால் கார் மணப்பெண்ணைப் போல் மின்னும். ஆனால் ஆணியளவு கூரான ஒன்றால் அடியில் குத்திப் பாருங்கள், உள்ளே போய்விடும்.

இரண்டாவது, பிரேக். அதன் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கையெட்டாத இடமாதலால் ஒழுகத் தொடங்கிய பிறகே நினைவுக்கு வரும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்த் தொடர். ஒரு றப்பர் கிழிந்தால் நான்கும் போயிற்று. மூன்றாவது, முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் ட்ரனியன் என்னும் மறையிட்ட மூட்டு. காலந்தவறாது கிறீஸ் அடிக்காவிட்டால் மறை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மட்காட்டுக்கடியில் மடிந்து விழும். இம்மூன்றும் உள்ள ஒரு கார், புகை மட்டும் சுத்தமாக இருந்தால், சான்றிதழோடு வெளியே வரலாம்.

இக்காரைப் பெற்ற நாட்டில் வேறுவிதம். 1960 செப்ரெம்பரில் பிரித்தானியாவில் கட்டாயப் பரிசோதனை தொடங்கியபோது, 10 ஆண்டு கடந்த வாகனங்களின் பிரேக், ஸ்டியரிங், விளக்கு ஆகியவையே முதலில் பார்க்கப்பட்டன. 1967 இல் மூன்று வயதுக் காருக்கே பரிசோதனை வந்தது. பாரந்தாங்கும் பொருத்து இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் தகடு வலுவிழக்குமளவுக்குத் துருப்பிடித்திருந்தால் கார் சித்தியடையாது. பட்டியால் மூடி ஏமாற்ற முடியாது. 2018 மே மாதம் முதல் 40 ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத கார்களுக்கு அங்கே விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. வெயில் நாட்களில் மட்டும் வெளியே எடுத்து, பிள்ளையைப் போல் பராமரிப்பவர்களை நம்பி அளித்த விலக்கு அது.

இதில் ஒரு வினோதமும் உண்டு. அக்கார்களின் துருவேறிய பகுதிகளுக்கு மாற்றாக இலங்கையில் அடித்த மொரிஸ் மைனர் தகடுகளே 1990களில் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் அம்முயற்சியின் பின்னால் இருந்தார். நம் கைவினைஞரின் தகடு அங்கே பரிசோதனையில் சித்தியடைய, நமது கார்களுக்கோ எண்ணெய்த் தகரம் வெட்டி ஒட்டுப்போட்டோம்.

2004 டிசெம்பர் 26 இந்தக் கதையை இன்னும் கனமாக்கிற்று. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைக் கடல் கொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். மனிதரை இழந்து நின்ற ஊரில் காரைப் பற்றி அன்று யார் பேசுவார்? ஆயினும் உவர்நீரில் மூழ்கிய வாகனங்கள் கழுவித் துடைத்து, பூச்சிட்டு மீண்டும் வீதிக்கு வந்ததை நான் கண்டதுண்டு. மேலே கழுவிய நீர் அந்த மூடிய பெட்டிகளுக்குள் தங்கிய உப்பைக் கரைத்து எடுத்துவிடாது. அதன் பின் கைமாறிய காரொன்றை வாங்கியவருக்கு அதன் வரலாறு சொல்லப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

லண்டனிலும் தோஹாவிலும் இருந்துகொண்டு, வாப்பாவின் காரை விற்காமல் ஓட்டும் நிலையில் வைத்திருக்கும்படி ஊருக்குப் பணம் அனுப்புவோர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பளபளப்பான முன்பக்கத்தின் படம்தான் கைபேசியில் வந்து சேர்கிறது. அடுத்த முறை, நான்கு சக்கரங்களையும் தாங்கிகளில் உயர்த்தி, காலடித் தளத்தின் விரிப்பை எடுத்துவிட்டு, பின் வில்லுகளின் முனைகளையும் பிரேக் சிலிண்டரையும் கீழிருந்து எடுத்த படங்களைக் கேளுங்கள். மாப்பிள்ளையை ஏற்றும் பருவம் தொடங்குவதற்கு முன்னரே கேளுங்கள்.