கரும்பலகையில் எழுதிய பெயர்கள்: சென்னை வகுப்பறை ஒழுங்கின் வரலாறு

ஆசிரியர் வெளியே போனதும் வகுப்புத் தலைவன் சாக்கட்டியோடு எழுந்து, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதைத் தமிழ்நாட்டில் படித்தவர்கள் பார்த்திருப்பார்கள். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி விழும். மாணவனையே மாணவனுக்குக் காவல் வைப்பது, குற்றத்தை எழுத்தில் பதிவது, அதை எல்லோர் முன்னும் காட்டுவது என்னும் மூன்று பழைய ஏற்பாடுகள் இந்தச் சிறு வழக்கத்தில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. உடலை வருத்திய தண்டனை வெட்கத்தை ஆயுதமாக்கிய தண்டனையாக மாறியதையே நம் வகுப்பறை நெடுங்காலம் சீர்திருத்தம் என்று எண்ணியிருந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதல் ஏற்பாடு திண்ணைப் பள்ளிக்கு உரியது. ஆசிரியர் ஒருவர், பல வயதுப் பிள்ளைகள், மணலிலும் ஓலையிலும் எழுத்து. எல்லோரையும் ஒருவரே பார்க்க முடியாததால் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாகி, இளையவர்களுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தான். அடக்கி ஆள்வதும் அவன் வேலைதான். பேச்சு வழக்கில் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்ற சொல் பிறரை அதிகாரம் செய்வது என்னும் பொருளில் நிலைத்ததைப் பார்த்தால், அந்த அதிகாரத்தைச் சின்னப் பிள்ளைகள் எப்படி உணர்ந்தார்கள் என்பது விளங்கும்.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் இருந்த பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. இந்தக் கணக்கெடுப்புக்காகப் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை, வகுப்பறை ஒழுங்கை ஆராய்கிறவர்களுக்குக் கிடைத்த பெரும் சான்று. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழியம்: புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவர்களுக்கு ஒவ்வொன்று கூடும். நேரத்துக்கு வரவைக்க இவ்வளவு துல்லியமான கணக்கு! சோம்பேறிக்குப் பிரம்படி, கைகளைக் கட்டி உருளையில் கூரையிலிருந்து தொங்கவிடுவது, உட்கார்ந்து எழுந்துகொண்டே இருக்கச் செய்வது. கேம்பல் எழுதியது கன்னடமும் தெலுங்கும் பேசிய மாவட்டத்தைப் பற்றி. ஆனால் தொங்கவிடுவதற்குத் தமிழில் 'கோதண்டம் போடுதல்' என்றே பெயர் உண்டு. உட்கார்ந்து எழுவதைத் தோப்புக்கரணம் என்று நாம் இன்றும் சொல்கிறோம்.

இதே அறிக்கையில் கேம்பல் மற்றொன்றையும் குறிக்கிறார்: முன்னேறிய பிள்ளைகள் பின்தங்கியவர்களுக்குக் கற்பிக்கும் இந்நாட்டு முறை, இங்கிலாந்து பின்பற்றத் தகுந்ததாக இருந்தது என்கிறார். அவர் மனத்தில் இருந்தது எழும்பூர்க் கதை. 1789இல் அங்கே படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஊர்ப்பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார். உதவி ஆசிரியர்கள் முடியாது என்று மறுக்கவே, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். அது நடந்தேறியது. 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலோடு 'மதராஸ் முறை' உலகறிந்ததாயிற்று.

பெல் கற்பித்தலோடு நிற்கவில்லை; எழுத்தில் பதிவது, எல்லோர் முன்னும் காட்டுவது என்னும் மற்ற இரண்டு ஏற்பாடுகளும் அவர் பள்ளியில் சேர்ந்தன. எழும்பூரில் ஒரு கறுப்புப் புத்தகம் இருந்தது. தவறுகளெல்லாம் அதில் ஏறும். வாரம் ஒருமுறை பள்ளி கூடியதும் வாசிக்கப்படும். மாணவர்களே நடுவர் குழுவாக இருந்து தீர்ப்புச் சொல்வார்கள். பிரம்புக்கு வேலை குறைந்ததைப் பெல் பெருமையாகவே கருதினார். அந்தப் பெருமையில் உண்மை உண்டு. எப்போதும் ஏதாவது செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்குக் குறும்பு செய்யப் பொழுது குறைவு. ஆனால் வாரந்தோறும் தன் பெயர் உரக்க வாசிக்கப்படுவதைக் கேட்ட சிறுவனின் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்குக் கறுப்புப் புத்தகத்தில் இடம் இருக்கவில்லை.

லண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர் இந்த வெட்கத் தண்டனையை இன்னும் தூரம் கொண்டுபோனார். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அவர் பிரம்பை வெறுத்தார். அதற்கு ஈடாகக் கழுத்தில் மரக்கட்டை மாட்டினார், கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டு மற்றப் பிள்ளைகளைப் பார்க்க வைத்தார். கைகளைக் கட்டி ஏற்றிய பெல்லாரிக் கயிறும் இந்தக் கூடையும் பிள்ளையைக் கூரைக்குத்தான் தூக்கின. முன்னதில் நொந்தது தோள், பின்னதில் மானம். அடிக்காததால் மட்டும் ஒரு முறை இரக்கமுள்ளதாகிவிடும் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இங்கும் சட்டம் நெடுங்காலம் ஆசிரியர் பக்கமே நின்றது. பெற்றோரின் அதிகாரம் ஆசிரியருக்கு வந்து சேர்கிறது என்பது நீதிமன்றங்கள் ஏற்ற வாதம். தமிழ்நாடு 2003இல் கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி, மாணவருக்கு உடல் வலியோடு மன வலி தருவதையும் தடை செய்தது. 2007இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஆய்வில் பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர் உடல் தண்டனை பெற்றதாகச் சொன்னார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் ஒரே வாக்கியத்தில் தடுத்தது. பெல்லின் கறுப்புப் புத்தகத்தையும் தொடக்கூடிய சட்டம் வர, ஏறக்குறைய 220 ஆண்டுகள் ஆயின.

தடை மட்டும் வகுப்பை நடத்தித் தராது. நாற்பது பிள்ளைகளோடு தனியே நிற்கும் ஆசிரியர், 'அடிக்காதே என்கிறீர்கள், பிறகு என்னதான் செய்வது?' என்று கேட்பது நியாயமான கேள்வி. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றல், இதற்கு ஒரு விடையை முன்வைத்தது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் ஊரகப் பள்ளிகளுக்காக உருவான பாட அட்டைகளிலிருந்து வளர்ந்த முறை அது. ஏணிப்படி போன்ற வரிசையில் தான் நிற்கும் இடத்தைக் குழந்தையே பார்த்து, அட்டையை எடுத்து, குழுவில் போய் உட்காரும். வருகையைத் தானே பதியும். ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்தார். எப்போதும் ஏதாவது செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்குக் குறும்பு செய்யப் பொழுது குறைவு என்று எழும்பூரில் கண்ட அதே உண்மைதான், கண்காணிக்கும் சட்டாம்பிள்ளை இல்லாமல்.

எல்லாப் பள்ளிகளிலும் இது ஒரே தரத்தில் நடந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் முறையாக நடந்த வகுப்பில் பிள்ளைகள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேசாமல் குழுவேலை நடக்காது. சுவரில் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் தாழ்வாகக் கரும்பலகை அமைத்து, ஆளுக்கொரு பகுதி பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் அவரவர் பெயரை அவரவரே எழுதினார்கள்.